கூலண்ட் குறைகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. ஹெட் கேஸ்கட் என்கிறார்கள், நம்பலாமா?

தாம்பரம்_டீசல் | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் 2016 மாடல், 1.5 லிட்டர் டீசல், 1,12,000 கி.மீ. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து கூலண்ட், அதாவது எஞ்சினை ஆறவைக்கும் திரவம், குறைகிறது. கூலண்ட் டேங்கில் மேல்கோடு வரை ஊற்றினால் பத்து நாளில் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடும். கிட்டத்தட்ட 400 மில்லி. அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் மூன்று ராத்திரி போட்டு வைத்தேன். முதல் நாள் ஈரம் இருந்தது. ஆனால் நிறமும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை, ஏசி தண்ணீர்தான். ஏசி போடாமல் ஓட்டிய அடுத்த இரண்டு நாளும் அட்டை காய்ந்தே கிடந்தது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஒரு லிட்டர் ஊற்றி பில் போட்டு, "பழைய வண்டி சார், கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வீட்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே எஞ்சின் ஓடும்போது டேங்கைக் காட்டினார்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் நுரைத்துக்கொண்டு குமிழி வருகிறது. "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார்" என்று அங்கேயே தீர்ப்பு, அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. ஹெட் இறக்கி, லேத்தில் ஃபேஸிங் போட்டு, கேஸ்கட், போல்ட், டைமிங் பெல்ட் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். ஸ்பேர் ஆர்டர் போட வேண்டும் என்றதால் 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை வண்டியை விட வேண்டும்.

டெம்பரேச்சர் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது, ஒருநாளும் ஏறியதில்லை. ஆயில் ஸ்டிக்கில் வெள்ளை எதுவும் இல்லை. வீட்டில் "வித்துத் தொலைங்க" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கோவை_வெர்னியர் | ஞாயிறு, இரவு 10:25

முதல் வேலை, சனிக்கிழமை வண்டியை விடாதீர்கள். ஹெட்டை இறக்குவது கடைசியாகச் செய்கிற வேலை. குமிழியைப் பார்த்தவுடனே அதில் இறங்கக் கூடாது.

பிரஷர் டெஸ்ட் செய்தார்களா? கேட்டுப் பாருங்கள். சைக்கிள் பம்ப் மாதிரி கையால் அடிக்கிற ஒரு கருவி, அதில் ஒரு மீட்டர் இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டி, மூடியில் எத்தனை பார் (அழுத்தத்தின் அளவு) என்று அச்சடித்திருக்கிறதோ அந்த அளவுக்கு (பெரும்பாலும் 0.9 முதல் 1.4 வரை இருக்கும்) அடித்து, கால் மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்கி, வெளியே ஈரமும் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது. இறங்கியும் வெளியே காய்ந்தே இருந்தால்தான் உள்ளே போகிறது என்று பேச ஆரம்பிக்கலாம்.

கீழே சொட்டு இல்லை என்பதால் வெளியே ஒழுகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சூடான எஞ்சின் மேல் கசிகிற கூலண்ட் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். அது விட்டுப்போகிற தடத்தைத் தேடுங்கள், காய்ந்த பொரி மாதிரி வெள்ளையாகவோ ரோஸ் நிறத்திலோ ஒட்டியிருக்கும். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு ரேடியேட்டரில் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் மடங்கிச் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளிப்புகள், தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பாடிக்கு (கூலண்டைச் சுற்றவிடும் பம்ப்) அடியில் இருக்கும் சின்னத் துளை, இந்த நாலு இடத்தையும் பாருங்கள். அந்தத் துளையை அடைப்பு என்று நினைத்துச் சிலர் எம்சீல் வைத்து மூடுவார்கள். உள்ளே சீல் போய்விட்டது என்று சொல்வதற்காகவே விட்ட துளை அது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவர் சீட்டின் கால்மிதியையும் தொட்டுப் பாருங்கள். ஹீட்டர் கோர் (காருக்குள் சூடுகாற்று தருகிற குட்டி ரேடியேட்டர்) ஒழுகினால் அங்கே ஈரமும் தித்திப்பு வாசனையும் இருக்கும், முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி படியும்.

முள் நடுவில் நிற்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். பல கார்களில் அந்த முள்ளை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், 80 டிகிரியிலும் நடுவில்தான் நிற்கும், 100-லும் நடுவில்தான். இன்னொன்று, கூலண்ட் ரொம்பக் குறைந்து சென்சார் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கும். வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஒரு ஓபிடி ப்ளூடூத் கருவி வாங்கி மாட்டி, நிஜ டிகிரியைப் போனில் பாருங்கள்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தத்தில் அது 125-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போன அந்த நொடியே மொத்தமும் கொதித்து மூஞ்சியில் அடிக்கும்.

லாரிக்காரர்_மகன் | திங்கள், காலை 7:02

எங்கள் அப்பா நாமக்கல் லாரி ஓட்டியவர். ரேடியேட்டர் ஒழுகினால் வழியில் மளிகைக்கடையில் மஞ்சள் தூள் வாங்கிக் கொட்டுவார். சத்தியமாக நிற்கும். ஊர் வந்து சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். அதெல்லாம் செம்பு, பித்தளை ரேடியேட்டர் காலம். இன்றைய கார் ரேடியேட்டரிலும் ஹீட்டர் கோரிலும் குழாய் அவ்வளவு சின்னது, மஞ்சள் ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் அதைத்தான் அடைக்கும். பாட்டிலில் விற்கிற லீக் அடைப்பான் திரவமும் அதே கதைதான், விலைதான் கூட. யாராவது ஐடியா கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

தாம்பரம்_டீசல் | திங்கள், இரவு 8:50

கோவை சார், நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேடியேட்டர் விளிம்பு சுத்தம். வாட்டர் பாடி துளை சுத்தம். கால்மிதி காய்ந்திருக்கிறது. ஆனால் டேங்க் மூடியின் உள்பக்க ரப்பர் வெடித்திருந்தது, நகம் வைத்தால் பொடிப்பொடியாக வருகிறது. இதுதானோ?

ஒர்க்‌ஷாப்பில் போன் போட்டு பிரஷர் டெஸ்ட் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், இருபது வருஷ அனுபவம், குமிழி வந்தா கேஸ்கட்தான்" என்றார்.

பதிமூணாம்_நம்பர்_ஸ்பேனர் | திங்கள், இரவு 9:30

சேலத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். மூடியை முதலில் மாற்றுங்கள் தம்பி. முன்னூறு நானூறு ரூபாய் விஷயம். மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் மேடேறும்போது கொதித்து ஆவியாகவே போய்விடும். வாங்கும்போது பழைய மூடியில் என்ன பார் எழுதியிருக்கிறதோ அதே எண்ணில் வாங்குங்கள். "இது நல்லா டைட்டா இருக்கும்" என்று கூடுதல் அழுத்தத்தில் கொடுப்பார்கள். அதைப் போட்டால் அடுத்து ஹோஸ் வெடிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. "தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று ஒருவன் வருவான். விடாதீர்கள். வால்வு, எஞ்சின் சூடான பிறகு 82, 88 என்று ஏதோ ஒரு டிகிரியில் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடுவதற்காக வைத்தது. கழற்றினால் எஞ்சின் சூடேறாமலே ஓடும், கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து டீசலைக் கூட ஊற்றும், மைலேஜ் போகும், ஆயில் சீக்கிரம் கெடும்.

ஈரோடு_ஆல்ட்டர்னேட்டர் | திங்கள், இரவு 10:11

ஸ்பேனர் அண்ணே, நான் வால்வு இல்லாமல் ஆறு வருஷம் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

பதிமூணாம்_நம்பர்_ஸ்பேனர் | திங்கள், இரவு 10:19

எந்த வண்டி?

ஈரோடு_ஆல்ட்டர்னேட்டர் | திங்கள், இரவு 10:20

அம்பாசடர்.

பதிமூணாம்_நம்பர்_ஸ்பேனர் | திங்கள், இரவு 10:22

சரி, விடுங்கள்.

தாம்பரம்_டீசல் | ஞாயிறு, மாலை 6:15

ஜி.பி. ரோட்டில் அதே பார் எண்ணில் புது மூடி வாங்கிப் போட்டேன், 380 ரூபாய். ஆறு நாள் ஆகிறது, ஆபீஸ் போய் வந்ததில் மட்டம் மயிரளவும் குறையவில்லை! சனிக்கிழமை வேலையைத் தள்ளிவைத்துவிட்டேன். 48,000 ரூபாயை 380-ல் முடித்த இந்த இழைக்கு என் கோடி நமஸ்காரம்.

யாழ்_வான்காரன் | ஞாயிறு, இரவு 8:40

நல்ல செய்தி. ஒரு கேள்வி, இவ்வளவு நாளும் குறையக் குறைய என்ன ஊற்றினீர்கள்? எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்திலில் ஒரு மாதத்தில் வெள்ளைப் படை கட்டும். அதையே ரேடியேட்டருக்கு ஊற்றினவன் நான். இரண்டு வருடத்தில் கோர் அடைத்து, கராஜில் அறுத்துப் பார்த்தபோது உள்ளே சிப்பி மாதிரி இருந்தது.

தாம்பரம்_டீசல் | ஞாயிறு, இரவு 9:05

கேன் தண்ணீர் ஊற்றினேன் அண்ணா. போர் தண்ணீர் இல்லை. அது பரவாயில்லையா?

கோவை_வெர்னியர் | ஞாயிறு, இரவு 9:48

போர் தண்ணீருக்குக் கேன் தண்ணீர் மேல். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் அதைவிட மேல், விலையும் பெரிதில்லை. ஆனால் மாதக்கணக்கில் வெறும் தண்ணீராக ஊற்றிக்கொண்டே வந்தால் கூலண்டில் இருக்கும் துருத் தடுப்பு மருந்து நீர்த்துப்போகும். நம் ஊரில் உறையாமல் இருப்பதற்காக யாரும் கூலண்ட் போடுவதில்லை, அலுமினியம் அரிக்காமல் இருக்கவும் கொதிநிலை ஏறவும்தான் போடுகிறோம்.

நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். பச்சை என்றால் இந்த வகை, ரோஸ் என்றால் அந்த வகை என்று ஒரு சட்டமும் கிடையாது, அது கம்பெனிக்காரர் போடும் சாயம். ஓனர் மேனுவலில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ அதே தரம் பாட்டிலின் பின்னாலும் இருக்க வேண்டும். ஒவ்வாத இரண்டு வகை சேர்ந்தால் சில சமயம் கூழாகி நிற்கும்.

மூடியோடு கதை முடிந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். கெட்ட மூடியால் கூலண்ட் குறையும், சரி. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஏன் குமிழி வர வேண்டும்? ஆபீஸ் ஓட்டத்தை வைத்துச் சொல்லாதீர்கள், ஒரு நீண்ட பயணம் போய் வந்து எழுதுங்கள்.

தாம்பரம்_டீசல் | செவ்வாய், இரவு 11:20

நமஸ்காரத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

குடும்பத்தோடு திருவண்ணாமலை போனோம். திண்டிவனம், செஞ்சி வழி, ஏசி போட்டு ஐந்து பேர். ஓபிடியில் பெரும்பாலும் 90, ஒருமுறை 97. அங்கே இரவு தங்கி, காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ஒரு நிமிடம் நின்று போயிற்று. மார்கழிப் பனி என்று நினைத்தேன். ஆனால் என் மகள் "அப்பா, பால்கோவா வாசனை" என்றாள். நானும் மோந்து பார்த்தேன். தித்திப்புதான். டேங்கில் மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே.

இப்போது நானே கேஸ்கட் என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

கோவை_வெர்னியர் | புதன், காலை 6:40

மகளுக்கு நல்ல மூக்கு. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், ஆவியாகும் கூலண்டின் வாசனையும் அப்படித்தான். ஆனால் விஷம். வீட்டில் நாய், பூனை இருந்தால் சிந்தியதைத் துடைத்துக் கழுவிவிடுங்கள், தித்திப்புக்கு நக்கிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூலண்ட் சைலன்ஸர் வழியாகப் புகையாகப் போகிறது. அதற்கு ஹெட் கேஸ்கட் ஒரு வழி. உங்கள் எஞ்சினில் இன்னொரு வழியும் உண்டு, இஜிஆர் கூலர். சென்னை மாதிரி பெரிய நகரங்களில் 2010-லேயே பிஎஸ்4 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது என்பதால் உங்கள் டீசலில் அது இருக்கவே வாய்ப்பு அதிகம். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும்போது அதை ஆறவைக்க ஒரு சின்ன டப்பா. அதற்குள் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் கூலண்ட், நடுவில் மெல்லிய தகடு. அந்தத் தகடு விரிசல் விட்டால் எஞ்சின் நின்ற பிறகு, அழுத்தம் மிச்சமிருக்கிற கூலண்ட் புகைக்குழாய்க்குள் கசியும். காலையில் ஸ்டார்ட் செய்தால் அது வெந்து வெள்ளைப் புகையாக வரும். வெளியே ஒரு சொட்டும் இருக்காது.

குமிழிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. டர்போ வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேடேறும்போது புகைப்பக்க அழுத்தம் கூலண்ட் பக்க அழுத்தத்தைத் தாண்டலாம். அப்போது புகை கூலண்டுக்குள் வரும். டேங்கில் நுரை, குமிழி, ஹோஸ் கல் மாதிரி இறுக்கம், எல்லாமே ஹெட் கேஸ்கட் மாதிரியே நடிக்கும். உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் பார்த்தது நிஜக் குமிழி, வந்த இடத்தைத்தான் தேடவில்லை.

நீல மருந்து டெஸ்ட் என்று ஒன்று உண்டு, டேங்கில் புகையின் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். பெட்ரோல் வண்டிக்கு நல்லது. டீசலில் ஐடிலில் கரியமில வாயு குறைவு என்பதால் நிறம் மாறாமலும் போகும். மாறவில்லை என்று யாராவது சொன்னால் அதை முழுசாக நம்ப வேண்டாம்.

வேளச்சேரி_வாத்தியார் | புதன், காலை 9:15

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது, பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். அட்வான்ஸுக்கு ரசீது வாங்கினீர்களா? எஸ்டிமேட் எழுத்தில் இருக்கிறதா? இரண்டும் இல்லை என்றால் இப்போதே வாட்ஸ்அப்பில், "இன்ன தேதியில் ஹெட் கேஸ்கட் வேலைக்காக 5,000 கொடுத்தேன், என் சம்மதம் இல்லாமல் எஞ்சினைத் திறக்க வேண்டாம்" என்று எழுதி அனுப்புங்கள். அவர் "ஓகே சார்" என்று போட்டால் அதுவே உங்களுக்கு ரசீது.

எந்தக் கடையில் விட்டாலும் ஜாப் கார்டில் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: வண்டியில் என்ன குறை (என்ன பாகம் மாற்ற வேண்டும் என்று அல்ல), இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் போனில் கேட்க வேண்டும், கழற்றிய பழைய சாமான் எனக்கு வேண்டும். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலே போகலாம்.

பதிமூணாம்_நம்பர்_ஸ்பேனர் | புதன், இரவு 10:05

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பிரஷர் டெஸ்ட், அதுக்கு முன்னால் எஞ்சின் ஆறுவதற்குக் காத்திருப்பது, கேமரா விட்டுப் பார்ப்பது, எல்லாம் சேர்ந்து அரை நாள். ஒரு லிஃப்ட், ஒரு பையன் அதிலேயே கட்டிப்போட்டது மாதிரி. முடிந்ததும் "மூடிதான் சார் போயிருக்கு, மூடி 380, பார்த்த கூலி 800" என்றால் கஸ்டமர் முகம் மாறும். "380 ரூபாய் சாமானுக்கு 800 கூலியா? சும்மா பார்த்ததுக்கா?" இதை நான் எண்ண முடியாத தடவை கேட்டிருக்கிறேன். அதே ஆள் 48,000 பில்லில் கூலி 12,000 இருந்தால் பேசாமல் கட்டுவார், ஏனென்றால் கையில் சாமான் வந்தது. டாக்டரிடம் போனால் ஸ்கேனுக்குத் தனியாகக் கட்டுகிறோம் அல்லவா?

அதனால் என்ன ஆகிறது? கடைக்காரன் தேடுவதை விட்டுவிட்டு ஊகிக்கப் பழகிவிடுகிறான். ஊகம் சரியாக இருந்தால் அனுபவம், தப்பாக இருந்தால் "இன்னொரு சாமானும் போயிருக்கு சார்". உள்ளே நுழையும்போதே "டெஸ்டுக்குத் தனியாகக் கூலி தருகிறேன், வேலையை உங்களிடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் கடைக்காரன் முகம் மலர்கிறது, எவன் "அதெல்லாம் வேணாம் சார்" என்கிறான் என்று தெரிந்துவிடும்.

தம்பி, உங்கள் வண்டிக்குச் செய்ய வேண்டியது இது. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் பிரஷர் மீட்டரை மாட்டி, அழுத்தம் ஏற்றாமல், ஸ்டார்ட் மட்டும் செய்யுங்கள். தண்ணீர் சூடாகாமல் அழுத்தம் ஏற முடியாது. ஒரு நிமிடத்துக்குள் முள் துள்ளிக்கொண்டு ஏறினால் சிலிண்டர் காற்று வருகிறது, கேஸ்கட் அல்லது ஹெட் விரிசல். ஏறவில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி, மூடியில் உள்ள அளவுக்கு அடித்து, ஒரு மணி நேரம் விட்டு, க்ளோ பிளக்குகளை (டீசல் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) ஒவ்வொன்றாகக் கழற்றிக் குட்டி கேமரா விட்டு பிஸ்டன் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் இல்லை என்றால் இஜிஆர் குழாயைக் கழற்றிப் பார்க்கட்டும்.

ஆயில் மூடிக்கு அடியில் மயோனைஸ் மாதிரி கொஞ்சம் இருந்தால் அலறாதீர்கள், பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே ஓட்டினால் பனிக்காலத்தில் வெறும் ஈரத்திலேயே அது வரும். ஸ்டிக்கில் வந்தால்தான் கவலை.

தாம்பரம்_டீசல் | சனி, இரவு 8:30

பெருங்களத்தூர் பக்கம் ஒரு சின்னக் கடை, பிரஷர் மீட்டர் வைத்திருப்பதாக ஆபீஸ் நண்பர் சொன்னார். ஸ்பேனர் அண்ணன் சொன்ன வசனத்தை அப்படியே சொன்னேன். மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ராத்திரி வண்டியை விட்டுட்டுப் போங்க, காலைல ஆறு மணிக்கு வாங்க, உங்க கண்ணு முன்னாடி ஸ்டார்ட் பண்றேன்" என்றார்.

போனேன். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முள் அசையவில்லை. என் நெஞ்சுதான் துள்ளியது. நிறுத்திவிட்டு 1.1 வரை அடித்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 0.8. வண்டிக்கு அடியில், ஹோஸில், எங்கும் ஈரம் இல்லை. அப்புறம் கேமராவில் நாலு சிலிண்டரும் காய்ந்த கரி. கடைசியில் இஜிஆர் குழாயைக் கழற்றினார். கரி எல்லாம் சேறு மாதிரி, விரலை வைத்தால் ரோஸ் நிற ஈரம்.

கூலரைக் கழற்றி, கூலண்ட் வாய் ஒன்றை அடைத்து மறு வாயில் காற்று அடித்து பக்கெட் தண்ணீரில் முக்கினார். பஞ்சர் கடையில் ட்யூபை முக்குவது மாதிரியே. புகை போகும் வாயிலிருந்து வரிசையாகக் குமிழி. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

கோவை_வெர்னியர் | சனி, இரவு 8:52

அப்பாடா. புதுக் கூலர் வரும்வரை ஹோஸை இணைத்து பைபாஸ் செய்து ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். கூலண்ட் இல்லாத கூலருக்குள் சுடுபுகை போனால் மிச்சமும் வெந்துவிடும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வேலை முடிந்ததும் காற்று எடுப்பது முக்கியம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று திருகு இருந்தால் திறந்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை வைத்திருக்க வேண்டும். அடுத்த நாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். முதல் நாளில் கொஞ்சம் இறங்கினால் மறுபடி ஒழுகுகிறது என்று பயப்படாதீர்கள், உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறிய இடம் அது.

தாம்பரம்_டீசல் | வியாழன், இரவு 9:15

வேலை முடிந்தது. கணக்கு கேட்டவர்களுக்கு: கூலர் 13,600, கேஸ்கட் கிளிப் வகையறா 900, கூலண்ட் நாலு லிட்டர் 1,400, கூலி 4,200, டெஸ்ட் 800. மொத்தம் 20,900. பழைய கூலர் டிக்கியில் கிடக்கிறது, வீட்டில் "இதை எதுக்குக் கொண்டு வந்தீங்க" என்று ஒரு சண்டை.

அட்வான்ஸ் விஷயம். பழைய ஒர்க்‌ஷாப்புக்கு நேரில் போய் பக்கெட் வீடியோவைக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். இரண்டு தடவை பார்த்தார். "இஜிஆர்ல இப்படி வரும்னு நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். கேஸ்கட் செட் வாங்கிவிட்டதாகவும், ஸ்பேர் கடை திரும்ப எடுக்கும்போது 1,500 பிடிப்பதாகவும் பில்லைக் காட்டினார். 3,500 ஜிபேயில் வந்தது. விட்டுவிட்டேன்.

வேளச்சேரி_வாத்தியார் | வியாழன், இரவு 9:40

அந்த 1,500-ஐயும் கேட்டிருக்க வேண்டும். தப்பாகச் சொன்னது அவர், தண்டம் உங்களுக்கா?

தாம்பரம்_டீசல் | வியாழன், இரவு 9:58

நியாயம்தான் சார். ஆனால் டெஸ்ட் செய்யாமல் அட்வான்ஸ் நீட்டியதும் நான்தானே. தவிர, நாளைக்கு ராத்திரி பத்து மணிக்கு பேட்டரி இறங்கினால் நடந்து போகிற தூரத்தில் இருப்பது அவர் கடைதான்.

பதிமூணாம்_நம்பர்_ஸ்பேனர் | வியாழன், இரவு 10:10

அந்த வீடியோவை இங்கே போடுங்கள் தம்பி. என் கடைப் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.

மதுரை_புது_ஓனர் | ஞாயிறு, மாலை 4:05

அண்ணன்களே, இழையை முழுசாகப் படிக்கவில்லை, மன்னிக்கவும். என் காரிலும் தண்ணீர் குறைகிறது. இப்போது கொடைக்கானல் ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தியிருக்கிறேன், பானட்டில் ஆவி வருகிறது. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?

கோவை_வெர்னியர் | ஞாயிறு, மாலை 4:06

தொடாதீர்கள்! எஞ்சினை நிறுத்திவிட்டீர்களா? பானட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஒரு மணி நேரம். ஹோஸைத் துணி சுற்றித் தொட்டுப் பாருங்கள், அமுங்கினால்தான் மூடி பக்கம் போக வேண்டும்.

மதுரை_புது_ஓனர் | ஞாயிறு, மாலை 4:09

நிறுத்திவிட்டேன். பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. மஞ்சள் தூள் கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார்.

லாரிக்காரர்_மகன் | ஞாயிறு, மாலை 4:11

டீ மட்டும் வாங்குங்கள்.